இருநூற்றுப் பன்னிரண்டாம் பாட்டுக்கு எந்த ஸ்டாப்?

அக்டோபர் 3, வெள்ளி

உறுதியான செய்தி: ஆர்கனில் இரண்டடி ஸ்டாப் நடுப்பகுதிக்கு மேல் ஒலிக்கவில்லை. ஆதாரம்: என் காது. நேரம்: காலை பத்து இருபது. அப்போது கோவிலில் இருந்தவர்கள் நானும் இரண்டு புறாக்களும். புறாக்கள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டன.

இதை நான் இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். பீமநகர் மீட்பர் ஆலயத்தின் சபைச் சங்கமும் இரண்டு வருடமாக அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டு வருகிறது. முப்பத்தாறு வருடம் இந்தத் திருச்சியில் செய்தியாளனாக இருந்தவன் நான். 'கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது' என்பதன் பொருளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அவசரம் வந்திருக்கிறது. ஆர்கனின் துருத்திக்குப் போன மாதம் புதுத் தோல் போட்டார்கள். சுருதி சேர்க்கும் வேலை பாக்கி. 31ஆம் தேதி, சீர்திருத்தத் திருநாள் மாலை ஆராதனையில் மறுபடி பிரதிஷ்டை. அன்று நான் நான்கு நிமிடம் தனியாக வாசிக்க வேண்டும். ஞானப்பாட்டுப் புத்தகத்தில் 212ஆம் பாட்டு ஒரு பழைய ஜெர்மன் மெட்டு. அந்த மெட்டை வைத்து, முந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு சிற்றூர் ஆர்கன்காரர் எழுதிய முன்னிசை. வலது கை மேல்வரிசைக் கட்டைகளில் பாட்டை நகை நட்டெல்லாம் பூட்டி வாசிக்கும். இடது கை கீழ்வரிசையில் துணை. கால் மிதிகட்டைகளில் அடிச்சுரம். பாட்டின் வரிக்கும் வரிக்கும் நடுவில் துணை மட்டும் கொஞ்ச தூரம் உலாவிவிட்டு வரும்.

எந்த ஸ்டாப்பை இழுப்பது என்று மனிதர் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. தன் ஊரில், தன் ஆர்கனில், தானே வாசிப்பதாக இருந்திருப்பார். பீமநகர் அவர் திட்டத்தில் இல்லை.

எங்கள் ஆர்கனில் ஸ்டாப் என்ற குமிழ்கள் பதினொன்று. எந்தக் குமிழை இழுக்கிறோமோ அந்த வரிசைக் குழாய்களுக்குக் காற்றுப் போகும். எட்டடி என்று போட்டிருந்தால் மனிதர்கள் பாடும் உயரம். நாலடி அதற்கு ஒரு ஸ்தாயி மேல். இரண்டடி இன்னும் ஒன்று மேல். மிக்ஸ்சர் என்று ஒன்று உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பொடிக் குழாய்கள் சேர்ந்து மின்னும். அதைக் குழம்பில் உப்புப் போல் போட வேண்டும்.

என் திட்டம்: வலது கைக்கு எட்டடியோடு இரண்டடி, மேலே மிக்ஸ்சர். காரணம், எங்கள் சபையின் ஒரு வழக்கம். மெட்டுத் தெரிந்துவிட்டால் பாடிவிடுவார்கள். முன்னிசை, பின்னிசை என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் இதே போல் ஒன்றை வாசித்தபோது முதல் வரியிலேயே எல்லோரும் எழுந்து பாடினார்கள். வரி முடிந்து துணை உலாவப் போனது. பெண்கள் பக்கம் நிற்காமல் இரண்டாம் வரிக்குப் போனார்கள். ஆண்கள் பக்கம் முதல் வரியைத் திரும்ப எடுத்தார்கள். நான் மட்டும் ஜெர்மனியில் இருந்தேன். இந்த முறை மெட்டை உயரத்தில் ஏற்றி மின்னவிட்டால் தங்கள் பாட்டு என்று தெரியாது, உட்கார்ந்து கேட்பார்கள்.

இரண்டடியும், அதைப் போலவே ஊமையான மிக்ஸ்சரும் ஒலித்தால்.

சங்கத்திலிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கிறது. செயலாளர் முத்தையா கையெழுத்து. 'ஆர்கனிஸ்ட் திரு. தியோடர் அருமைநாயகம் அவர்களின் பணி நவம்பர் 9 கூட்டத்தில் மீளாய்வு செய்யப்படும்.' இருபத்தேழு வருடம் அந்தப் பலகையில் உட்கார்ந்தவனை ஒரு வரியில் மீளாய்வு செய்கிறார்கள். ஆல்வின் என்று ஒரு வங்கிக்காரர், வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு வாசிக்கிறார். பொத்தானை அமுக்கினால் அதுவே தாளம் போடும். என் இடம் அவருக்கு என்று நம்பத்தகுந்த வட்டாரம் சொல்கிறது. வட்டாரம்: நான்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் முத்தையா வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. மூன்றாவது பெஞ்சின் ஓரம் அவர் இடம்.

"ஸ்தோத்திரம், ரிப்போர்ட்டர். இன்னைக்குக் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்துச்சு."

"நன்றி."

"நல்லாருந்துச்சுன்னு சொல்லல."

இவர்தான் என்னை மீளாய்வு செய்யப் போகிறவர்.

வீட்டுக்கு வந்தால் மனைவி பியூலா தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மூன்று விசில் வந்ததும் குக்கரை நிறுத்தச் சொன்னாள். கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்தபடி காத்திருந்தேன். ஒரு விசில் வந்தது. அது கூட அரைகுறை. பிறகு எதுவும் இல்லை. அவள் திரும்பி வந்தபோது சோறு களியாக இருந்தது. குக்கர் விசில் பழுதாகிவிட்டது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று பொய் சொல்லும் நோயாளியைப் பார்க்கிற பார்வை அது.

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த மழைக்காலத்தில் கொசு அறவே இல்லை. மாநகராட்சியைப் பாராட்டி என் பழைய பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடலாம் என்றிருக்கிறேன். கையில் எட்டு இடத்தில் தடித்திருக்கிறது. ஏதோ ஒவ்வாமை.

அக்டோபர் 9, வியாழன்

சுருதி சேர்க்க பெங்களூரிலிருந்து ரோசலின் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். ஜீன்ஸ், தலையில் விளக்கு, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். குழாய்கள் இருக்கும் மரக்கூண்டுக்குள் ஏணி வைத்து ஏறினார். நான் கீழே பலகையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்த வேண்டும். வழக்கமாக இந்த வேலைக்கு முத்தையா வந்து உட்காருவார். இன்று அவருக்கு முதுகுவலியாம்.

பத்து நிமிடத்தில் மேலிருந்து குரல்.

"சார், இங்க யாரு பஞ்சு வெச்சது?"

"என்ன பஞ்சு?"

"வந்து பாருங்க. மிக்ஸ்சர் ஃபுல்லா பஞ்சு. ரெண்டடிலே மேல்பாதி முச்சூடும் பஞ்சு. ஒண்ணொண்ணா, நீட்டா, குழாய் வாயிலே வெச்சிருக்காங்க. எலி வேல இல்ல சார் இது."

ஏணியில் ஏறிப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் குழாய்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வெள்ளை உருண்டை. ஒரே அளவு. சுருதி சேர்க்கும்போது பக்கத்துக் குழாய் சத்தம் போடாமலிருக்க அவர்களே இப்படித்தான் பஞ்சு வைப்பார்களாம். "தொழில் தெரிஞ்ச ஆளு சார்," என்றார் ரோசலின். பாராட்டு மாதிரி இருந்தது.

இரண்டு வருடம். நான் ஒலிக்கவில்லை என்றேன், ஒலிக்கத்தான் இல்லை. என் காதைச் சந்தேகப்பட்டவர்கள் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம். யாரும் வெளிப்படையாகச் சந்தேகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 10, வெள்ளி

சதி. வேறு சொல் கிடையாது.

இதுவரை திரட்டிய உண்மைகள். ஒன்று: கூண்டுக்குச் சாவி உண்டு. ஒன்று எங்கள் போதகர் கிங்ஸ்லி ஐயரிடம், ஒன்று செயலாளரிடம். இரண்டு: பஞ்சு நீலக் காகிதத்தில் சுற்றி வரும் ஆஸ்பத்திரிப் பஞ்சு. எங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. ஊரில் யார் வீட்டில்தான் இல்லை. மூன்று: பலன் யாருக்கு? ஆர்கன் மங்கினால் கீபோர்டு மின்னும்.

ஐயரிடம் போனேன். முப்பத்தெட்டு வயது. கோபமே வராது. அது ஒரு குறை.

"ஐயரே, ஆல்வின் எப்பவாவது சாவி கேட்டாரா?"

"இல்லீங்கய்யா. அவரு பாவம், ஏணின்னாலே பயப்படுவாரு. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுறப்பக் கூட கீழ நின்னு கயிறுதான் புடிப்பாரு."

"பஞ்சு தானா நடந்து போய் உக்காந்துச்சா?"

"ஐயா, எடுத்தாச்சில்ல? விட்டுருங்களேன்."

விடச் சொல்கிறவர்களை விடக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். அவர் பெயரையும் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

பஞ்சு முழுவதும் எடுத்தாயிற்று. ஒரு சாக்குப்பை நிறைய. 212ஐ என் திட்டப்படி வாசித்தேன். எட்டடி, இரண்டடி, மிக்ஸ்சர்.

முன்னேற்றம் உண்டு. ஆனால் மேலே இன்னும் மூடாக்கு மாதிரி இருக்கிறது. ரோசலினிடம் சொன்னேன்.

"எல்லாம் எடுத்துட்டேன் சார்."

"இன்னொரு தடவ பாருங்க."

அவர் ஏறிப் பார்த்தார். இறங்கினார். "எல்லாம் எடுத்துட்டேன் சார்," என்றார் மறுபடி. இந்த முறை மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து.

வேலை முழுமையாக இல்லை. ஈடுகட்ட நாலடியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 18, சனி

சங்கத்தார் முன்பாக ஒத்திகை. ஏழு பேர். என் புது அமைப்பு: எட்டடி, நாலடி, இரண்டடி, மிக்ஸ்சர். நான்கு நிமிடம் பத்து விநாடி. ஒரு தவறும் இல்லை.

பலகைக்கு மேல், பீடத்தையும் சபையையும் பார்ப்பதற்காக ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கிறது. அதில் பார்த்தேன். பொருளாளர் அம்மாள் முந்தானையால் காதைப் பொத்தியிருந்தார். குளிர், என்று நினைத்தேன். வெளியே முப்பத்து மூன்று டிகிரி. முத்தையா தலையைக் குனிந்திருந்தார். ஜெபம் பண்ணுகிறார், என்று நினைத்தேன்.

முடிந்ததும் யாரும் பேசவில்லை. பெரிய இசைக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும்.

"ரிப்போர்ட்டர், அந்த மேல கிர்ருங்குறது கொஞ்சம் கொறச்சிக்கலாமா?" என்றார் முத்தையா.

"எது கிர்ருங்குது?"

"அதான்... அந்த ரெண்டடி."

"ரெண்டு வருஷமா அது ஊமையா இருந்துச்சு. யாரோ பஞ்சு வச்சிருந்தாங்க. இப்பத்தான் வாயத் திறந்திருக்கு. உங்களுக்கு அது புடிக்கல. காரணம் எனக்குப் புரியுது."

"என்ன காரணம்?"

"ஒன்பதாம் தேதி கூட்டத்துல சொல்றேன்."

அவர் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்கவில்லை. முணுமுணுக்கிறவர்களிடம் திரும்பக் கேட்டு நான் அவர்களுக்கு மரியாதை கொடுப்பதில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருடம் பட்டாசுத் தரம் படுமோசம். தெருவில் ராக்கெட்டெல்லாம் சத்தமே இல்லாமல் மேலே போகிறது.

அக்டோபர் 22, புதன்

ரோசலினின் கடைசி நாள். மூடாக்குப் போகவில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். அவர் அதைப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கூண்டுக்குள் ஏறி ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டடி வரிசையின் கடைசிக் குழாய். ஒலிக்கும் பகுதி என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாயில் வைத்து ஊதினார். ஊதியதாகச் சொல்கிறார். கன்னம் உப்பியது.

கோவிலின் மறுகோடியில், வாசற்படிக்கருகே, கோவில்பிள்ளையாக வேலை பார்க்கும் தாவீது பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்து வயது பெரியவர். துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்தார்.

"யாருங்க அங்க விசில் அடிக்கிறது? கோயிலுங்க இது!"

ரோசலின் குழாயை என்னிடம் நீட்டினார். ஊதினேன். விரலில் குளிர்ந்த காற்றுப் பட்டது. தாவீது மறுபடி கத்தினார்.

திருப்பிக் கொடுத்தேன். நல்ல குழாய் என்றேன்.

"சார், எங்க அப்பாவும் டியூனர்தான்," என்றார். "அவரு அம்பத்தஞ்சு வயசிலே..."

டீ ஆறுகிறது என்றேன். குடித்தோம். மாலை ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டார். போகும்போது கைகுலுக்கினார். தேவைக்கு மேல் ஒரு விநாடி.

அக்டோபர் 23, வியாழன்

குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. குக்கருக்குப் புது விசில் வாங்கிப் போட்டேன். அதுவும் பழுது.

அக்டோபர் 25, சனி

காலை பதினொரு மணி. பலகையில் உட்கார்ந்திருந்தேன். வாசிக்கவில்லை. முத்தையா வந்து படியில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூன்று தவணையில்.

"பஞ்சு வச்ச ஆளத் தேடிக்கிட்டு இருக்கீங்களாமே."

"புடிச்சிருவேன்."

"எதுக்குச் சிரமம். நாந்தான்."

முப்பத்தாறு வருடத்தில் இவ்வளவு சுலபமாக யாரும் எனக்கு வாக்குமூலம் கொடுத்ததில்லை. பேனாவைத் தேடினேன். அவரே தொடர்ந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஈஸ்டரு. கைக்குழந்தக்காரிங்க நாலு பேரு பாதியில எந்திரிச்சு வெளிய போனாங்களே, ஞாபகம் இருக்கா? புள்ளைங்க வீல்வீல்னு கத்துதுங்க. நீங்க மேல மேல இழுத்துக்கிட்டே போறீங்க. மறுவாரம் எட்டுப் பேரு கையெழுத்துப் போட்டு மனு. ஆர்கன்காரருக்குக் காது போயிருச்சு, ஆள மாத்துங்கன்னு."

"அப்பிடி ஒரு மனு சங்கத்துல வரவே இல்லையே."

"நான் வாசிச்சாத்தானே வரும்? ஆர்கன்ல கோளாறுங்க, பாத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லிப்புட்டேன். சொன்னதுக்கப்புறம் கோளாறுன்னு ஒண்ணு வேணும்ல? அதான் மேல ஏறுனேன். மூணு நாளு. எம் முழங்கால் போனது அதுலதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

"ஆதாரம் கேட்டிருப்பேன்."

"அதாங்க சொல்லல."

துருத்தி வேலை தொடங்கியதுமே, ஆர்கன் சரியானால் ஆள் மாற வேண்டும் என்று எட்டுப் பேரும் மறுபடி கிளம்பிவிட்டார்களாம். 18ஆம் தேதி ஒத்திகைக்குப் பிறகு பொருளாளர் அம்மாளும் சேர்ந்து ஒன்பது. மீளாய்வுக் கடிதம் அவர்களைக் கொஞ்ச நாள் அமைதியாக வைக்க இவர் போட்ட ஏற்பாடாம்.

"ஒண்ணும் கெட்டுப் போயிரல," என்றார். "பஞ்சு இருக்கு. முப்பதாம் தேதி சாயங்காலம் ஏறி வச்சிர்றேன். நீங்க பாட்டுக்கு எதை வேணா இழுங்க. ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். ஒன்பதாம் தேதி கூட்டத்துல 'ஆர்கன் சரியாயிருச்சு'ன்னு ஒரே வரி. நீங்க இன்னும் பத்து வருஷம் உக்காரலாம்."

யோசிக்கிறேன் என்றேன். உடனே மறுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். பத்து வருடம் என்பது ஐந்நூற்று இருபது ஞாயிறு.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று பாடல்களுக்கு எட்டடி மட்டும் இழுத்தேன். தாவீது மட்டும் "இன்னைக்கு நல்லா இருந்துச்சுங்க" என்றார். மற்ற நாட்களைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை.

மத்தியானம் பியூலாவிடம் முத்தையா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் பஞ்சு நம்ம வீட்டுதுதாங்க. நாலு சுருளு. நான்தான் குடுத்தேன். உருண்டை புடிச்சதும் நான்தான். முத்தையா அண்ணனுக்கு அளவு வரல."

"உனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"காலிங் பெல் ரிப்பேருன்னு மூணு வாட்டி எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டீங்களே, அப்பவே."

"ஏன் சொல்லல?"

"நர்ஸுங்க நானு. நோயாளியா வந்து கேட்டா சொல்லியிருப்பேன். நீங்க எப்பப் பாத்தாலும் ரிப்போர்ட்டராத்தான் வர்றீங்க."

பிறகு, கீரைத் தண்டை முறித்துக்கொண்டே: "செவ்வாக்கிழமை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன்."

"எப்ப வாங்குன?"

"ரோசலின் போன் பண்ணுச்சு. ஊருக்குக் கிளம்புன அன்னைக்கு சாயங்காலமே."

ஆக, என் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் செய்தி கிடைத்திருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

தில்லைநகர் காது டாக்டர். கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். வெளியே ஒரு சின்னப் பெண், டெக்னீஷியன்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க அங்கிள்."

அமுக்கினேன்.

"இப்ப சத்தமே குடுக்கல அங்கிள்."

வரைபடம் கையில் கொடுத்தார்கள். இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதளம். அதற்கு மேல் மலைக்கோட்டையிலிருந்து இறங்குகிற படிக்கட்டு. நாலாயிரத்தில் தரை. இரண்டு காதும் ஒன்று போல; பாரபட்சம் இல்லை. வயது ஒரு காரணம், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வருடங்கள் இன்னொரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கருவி பொருத்தினால் பெரும்பகுதி கேட்கும். ஆனால் இசை பழைய மாதிரி கேட்கும் என்று உத்தரவாதம் தர முடியாது.

மாலை நான்கு மணிக்கு முத்தையாவைக் கோவிலுக்கு வரச் சொன்னேன். பஞ்சோடு வந்தார். பையைத் திறக்க வேண்டாம் என்றேன்.

"ரெண்டடிய இழுக்காம இருக்க எனக்குத் தெரியும், செக்ரட்டரி."

"ரெண்டு வருஷமாத் தெரியலையே."

"உங்க இடத்துல போய் உக்காருங்க. நான் வாசிக்கிறேன். கேட்டுச் சொல்லுங்க."

மூன்றாவது பெஞ்சின் ஓரம் போய் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஃபோர்மேன் காதை நம்பி ஸ்டாப் தேர்ந்தெடுத்தேன். வலது கைக்கு முதலில் இரண்டடி.

"பல்லு கூசுது."

நாலடிப் புல்லாங்குழல், தனியாக.

"ஐஸ் வண்டி வருது."

ட்ரம்பெட்.

"ஏன், யாரையாவது கைது பண்றாங்களா?"

எட்டடி பிரின்சிபல் என்ற அடிப்படைக் குழாய் வரிசை, தனியாக.

"இது பரவால்ல. ஆனா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு."

எட்டடி பிரின்சிபலோடு அந்த நாலடிப் புல்லாங்குழல். இடது கைக்கு மூடிய மரக்குழாய் மட்டும். இரண்டு வரி வாசித்தேன். பதில் இல்லை. காது கேட்கவில்லையோ என்று ஒரு நிமிடம் சந்தேகம், யாருக்கு என்று தெரியாத சந்தேகம். கண்ணாடியில் பார்த்தேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பாட்டு வந்துருச்சு. அதுவா வருது."

"அதுதான் ஆபத்து. 31ஆம் தேதி எல்லாரும் எந்திரிச்சுப் பாடிருவாங்க."

"பாடுனா என்ன? பாட்டுத்தானே அது?"

ஜெர்மன்காரர் சார்பில் விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். அந்தக் கலவையின் ஒவ்வொரு சுரமும் எனக்குக் கேட்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அதையே குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மாலை ஆறு மணி. கோவில் நிறைந்திருந்தது. ஐயர் பிரதிஷ்டை ஜெபம் முடித்து உட்கார்ந்தார். ஆரம்பித்தேன்.

எழுந்துவிட்டார்கள். முதல் வரி முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை, நாலாவது சுரத்தில். என் வலது கை நகை நட்டோடு போகிறது, சபை அதே மெட்டைத் தன் வழக்கப்படி இழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வளைவு வைத்துப் பாடுகிறது. அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தேன். வரி முடிந்து துணை உலாவப் போனது. இப்போது ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று என்று பிரியப் போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன்.

பிரியவில்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் முத்தையா எழுந்து, சபையைப் பார்த்துத் திரும்பி, ரயிலை நிறுத்துகிறவர் போல உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். இருநூற்றைம்பது பேர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அடுத்த வரி வந்ததும் கையைக் கீழே விட்டார். ஆறு வரிக்கும் இதே கூத்து.

நாலாவது வரியில் பின்பக்கம் ஒரு பெண் கைக்குழந்தையோடு நகர்ந்தது கண்ணாடியில் தெரிந்தது. காலில் ஒரு சுரம் தவறாக மிதித்தேன். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, இருந்த இடத்திலேயே பாடினாள்.

நான்கு நிமிடத் துண்டு ஏழு நிமிடம் ஓடியது. எழுதியவர் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். அவர் ஒருவர்தான் போயிருப்பார்.

"ஐயா, இது முன்னிசைன்னு புரோகிராம்ல போட்டுட்டோமே," என்றார் கிங்ஸ்லி ஐயர் வெளியே வந்ததும். கோபமில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

அச்சுப் பிழை என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு முத்தையாவிடம் ஒரு உறை கொடுத்தேன். காதுப் பரிசோதனை வரைபடம், அதோடு அரைப் பக்கக் கடிதம். கூட்டத்தில் இரண்டையும் வாசிக்க வேண்டும். வாசிக்காமல் வைத்திருக்கும் அந்தப் பழைய மனுவையும், எட்டுப் பெயர்களோடு.

"வெள்ளிக்கெழமைக்கப்புறம் ஒன்பதுல அஞ்சு பேரு வாபஸ் வாங்கிட்டாங்க," என்றார். "இத வாசிச்சா மறுபடி சேந்துக்குவாங்க. கிறுக்குத்தனமா இருக்கு. காது மிஷின் வர்ற வரைக்குமாவது தள்ளி வைக்கிறேன்."

"தள்ள வேணாம்."

"நீங்க போயிட்டா அந்த ஆல்வின் பய வந்து டிஸ்கோ போடுவான், தெரியுமில்ல?"

"பாதிச் செய்திய நான் போட்டதில்ல, செக்ரட்டரி."

"இது உங்க பேப்பர் இல்ல, ரிப்போர்ட்டர்."

ஆனாலும் உறையை வாங்கிக்கொண்டார். சட்டைக்குள் வைத்து மேலே கையால் தட்டிக்கொண்டார். வாசிப்பார் என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்தப்படவில்லை.

இன்றைய நிலவரப்படி முடிவாகாதவை இரண்டு. சங்கத்தின் தீர்மானம்: நவம்பர் 9, ஞாயிறு, ஏறக்குறைய பகல் பதினொன்று. காதுக் கருவி: நவம்பர் 12, புதன், மாலை நான்கு. என்னைப் பற்றிய முடிவை எனக்குச் சரியாகக் காது கேட்பதற்கு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். பியூலா பக்கத்தில் இருந்து திருப்பிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 30, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. பட்டியலை இப்போதே தரும்படி ஐயர் கேட்டார். அச்சுக்குப் போக வேண்டுமாம். மூன்று பாட்டு, ஒரு முன்னிசை. சபை எழுந்து நிற்கவும் என்று முன்னிசைக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். ஸ்டாப்: எட்டடி, நாலடி. வாசிப்பவர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.